கடிகாரத்தைக் கழற்றாதவன்

பாட்டு ஓடி முடிந்தது. அக்கா வீட்டு ஹாலில் மாமா தன் பாட்டுக்குத் தானே கைதட்டிக்கொண்டார். அக்கா, "டீ ஆறிடப் போவுது" என்று எழுந்து உள்ளே போனாள். குரலைப் பற்றிப் பேச்சு வந்தது, கிட்டாரைப் பற்றி வந்தது, நடுவில் மாமா அடிக்கும் விசிலைப் பற்றிக்கூட வந்தது. பேஸ் கிட்டாரைப் பற்றி மட்டும் மருந்துக்குக்கூட ஒரு வார்த்தை வரவில்லை. ஆறுகம்பிக்கு அங்கேயே பொறி தட்டியது.

நியாயமாகப் பார்த்தால் முதலில் வாயைத் திறக்க வேண்டியவன் அவன்தான். ஏனென்றால், இப்போது கேட்ட பாட்டில் இருந்த பேஸ் அவன் வாசித்ததே இல்லை.

ஆறுகம்பி என்பது பட்டப்பெயர். பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நாலு கம்பியோடு காலம் தள்ளிவிடுவார்கள். இவனுக்கு அது போதவில்லை. ஆறு கம்பி வைத்த கிட்டாரை வாங்கி, கட்டைவிரலால் அறைவதும் சுட்டுவிரலால் சுண்டுவதும், பத்து விரலையும் கிட்டாரின் கழுத்தின் மேல் ஓடவிட்டுத் தட்டுவதுமாக, ஒரு ஆள் வாசிக்கிறானா ரெண்டு ஆளா என்று கேட்கிறவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குப் பழகிவிட்டான். அப்படி எட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தானே பதினெட்டு வருஷமாக விடிகாலையில் எழுந்து இரண்டு மணி நேரம் விரலைத் தேய்க்கிறான்!

குழு என்று பார்த்தால் மூன்றே பேர். அக்கா டிரம்ஸ். அவள் புருஷன், அதாவது மாமா, பாட்டும் கிட்டாரும். ஆறுகம்பி பேஸ். ஹோட்டல் வரவேற்பறை, கல்யாண மண்டபம், கம்பெனி ஆண்டுவிழா என்று அடுத்தவர் பாட்டையே வாசித்துக் காலம் போக்கியவர்கள், இப்போதுதான் முதன்முதலாகச் சொந்தமாக ஒன்று செய்திருந்தார்கள். வானொலிக்காரர்களுக்குப் பாட்டு பிடித்துப்போனது. வருகிற சனிக்கிழமை அவர்கள் அரங்கத்தில், ஆயிரம் பேர் முன்னால், நேரடி ஒலிபரப்பு. மேடையில் அக்காவின் இடதுபக்கம், அவள் கால் மிதிப்பது தெரிகிற தூரத்தில் ஒரு இடம் இருக்கிறது. பதினெட்டு வருஷமாக அது ஆறுகம்பியின் இடம். சனிக்கிழமை அங்கே யார் நிற்கப்போகிறார்கள் என்பதுதான் இப்போது கேள்வி.

ஒரு தூண்டிலைப் போட்டுப் பார்த்தான்.

"பேஸ் நல்லா வந்திருக்குல்ல மாமா?"

மாமாவுக்கு டீ புரையேறியது. "எல்லாமே நல்லா வந்திருக்கு மாப்ள. எல்லாமே."

"நான் பேஸக் கேட்டேன்."

"பிஸ்கட் வேணுமாடா?" என்று உள்ளேயிருந்து அக்கா கத்தினாள். அக்கா ஜென்மத்தில் அவனிடம் பிஸ்கட் வேண்டுமா என்று கேட்டதில்லை. டப்பாவை நடுவில் வைத்து, வேண்டுமானால் எடுத்துத் தின்னு என்று விட்டுவிடுகிற ஆள் அவள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். படியிறங்கும்போது உள்ளே இருவரும் குரலைத் தாழ்த்திப் பேசுவது கேட்டது. நின்று கேட்கலாமா என்று நினைத்தான். மானம் தடுத்தது. அன்றைக்குத் தடுத்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த மானம் வியாழக்கிழமை வரைக்கும்தான் தாங்கியது.

பதிவு நடந்தபோது என்ன நடந்தது என்று அவன் மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். டயர் கடைக்குப் பின்னால் இருக்கிற ஸ்டூடியோ அது. நடத்துகிறவருக்கு ஹெட்போன் என்று பெயர், கழுத்தில் அது இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. முதல் நாள் மத்தியானம் முழுக்க வயரைச் செருகுவதும் மைக்கை நகர்த்துவதும் சத்தத்தின் அளவை, அதாவது லெவலை, சரிபார்ப்பதுமாகவே போனது. அதெல்லாம் எடுபிடி வேலை, அதில் ஆறுகம்பிக்கு அக்கறை இல்லை. சாயங்காலம் ஆரம்பித்ததுதான் அவன் வேலை. வலது மணிக்கட்டில் இருந்த ஸ்டீல் கடிகாரத்தைக் கழற்றி ஆம்ப் பெட்டி மேல் வைத்தான். இடது மணிக்கட்டில் பழைய தீக்காயம், வார் பட்டால் அரிக்கும், அதனால் வலதில் கட்டுகிற வழக்கம். வாசிக்கும்போது அது கிட்டாரின் மரத்தில் இடிக்கும். அதோடு, கடிகாரத்தோடு வாசிப்பது வாசிப்புக்குச் செய்கிற அவமரியாதை என்பது அவன் கட்சி.

கழற்றி வைத்தவன் இரண்டு நாள் வாசித்தான். ஒவ்வொரு முறை முழுதாக வாசித்துப் பதிவதை ஒரு டேக் என்பார்கள். முப்பத்திரண்டு டேக்! ஒவ்வொன்றிலும் முந்தினதில் இல்லாத ஒரு சங்கதி. கடைசிப் பல்லவிக்கு முன்னால் நாற்பத்தெட்டு சுரத்தை ஒரே மூச்சில் உருட்டிவிட்டு வந்து நின்றான் பாருங்கள், அதைச் சொந்தக் காதால் கேட்டபோது அவனுக்கே மயிர்க்கூச்செறிந்தது. "போதும் தம்பி" என்றார் ஹெட்போன். அதை அவன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

இப்போது அந்த நாற்பத்தெட்டு சுரமும் எங்கே? காணோம். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பேஸ் வாயை மூடிக்கொண்டு இரண்டு தட்டு சும்மா இருக்கிறது. மற்ற இடத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? ஒரு சுரம், நிற்கிறது. அடுத்த சுரம், அதுவும் நிற்கிறது. மூன்று மாதம் பழகினவன் வாசித்துவிடுவான்.

எவனோ வந்து வாசித்திருக்கிறான். யார் அந்த எவனோ?

திங்கட்கிழமை வேலைக்குப் போனான். பகலில் அவன் லிப்ட் மெக்கானிக். பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து, பல்சக்கரத்துக்கு எண்ணெய் விட வேண்டியவன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டான். முதல் தடவை கேட்டபோது கோபம் மட்டும்தான் வந்தது, ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் தடவை ஒன்று உறைத்தது. பேஸ் மட்டுமல்ல, டிரம்ஸும் வேறு! அவன் முப்பத்திரண்டு டேக் வாசித்தது அக்கா தனியாக அடித்துவைத்த டிரம்ஸின் மேல். அது இது இல்லை. இதில் அவள் காலால் மிதிக்கிற பெரிய டிரம்மும் அந்த எவனோவின் பேஸும் ஒரே இடத்தில் விழுகின்றன. ஒரு மயிரிழை முன்னே பின்னே இல்லை. ஒரே அறையில், ஒரே நேரத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்தால் ஒழிய அப்படி விழாது.

அப்படியானால் அக்கா மறுபடியும் ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறாள். அவனைக் கூப்பிடாமல். இன்னொருத்தனைப் பக்கத்தில் நிற்கவைத்து.

வேறு யாராவது செய்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பான். கூடப் பிறந்தவளை என்ன செய்வது? அதைவிட வலித்தது வேறொன்று. தன்னோடு வாசிக்கும்போது அவள் ஒருநாளும் இவ்வளவு நிம்மதியாக அடித்ததில்லை. அது அவன் காதுக்கு அப்பட்டமாகக் கேட்டது, கேட்கவில்லை என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை.

ஐந்தாம் தடவை கேட்டபோது துப்புக் கிடைத்தது. இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில், மெல்லிசாக, 'டிக்'. கம்பிச் சத்தம் இல்லை அது, உலோகம் மரத்தில் படுகிற சத்தம். பின்னால் தள்ளி மறுபடி கேட்டான். டிக். பயலுக்குக் கையில் கடிகாரம்! கழற்றாமலே வாசித்திருக்கிறான், மரியாதை கெட்டவன். ஒரு ரெக்கார்டிங்குக்கு வருகிறவன் செய்கிற காரியமா இது?

ஆறாம் தடவை, ஏழாம் தடவை. எட்டாம் தடவை கேட்டபோது தன் தலை தானாக ஆடிக்கொண்டிருப்பதை ஆறுகம்பி கண்டுபிடித்தான். சட்டென்று நிறுத்தினான். மாமா மூச்சு வாங்குகிற இடத்தில் அந்த எவனோ சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறான், மாமா திரும்பப் பாட ஆரம்பித்த பிறகுதான் விடுகிறான். வேண்டுமென்றே செய்கிறானா, தானாக வருகிறதா? தானாக வருகிறது என்றால் அவன் சாதாரண ஆள் இல்லை. இந்த எண்ணம் வந்ததும் ஆறுகம்பிக்கு அவன்மேல் இன்னும் ஆத்திரம் கூடியது.

கீழே இறங்கும்போது ஏழாவது மாடி அம்மா லிப்டில் ஏறினார். "இப்ப குலுக்கலே இல்லப்பா. ஏறினதும் தெரியல, நின்னதும் தெரியல."

"அப்படித்தாங்க இருக்கணும். லிப்ட் இருக்கிறதே தெரியக்கூடாது, அதான் வேலை" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, கடிகாரம் கட்டின பேஸ்காரன் யார் யார் என்று மறுபடி விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.

எண்ணிக்கை ஒரு ஆளிடம் வந்து நின்றது. இசைக்கருவிக் கடையில் கிட்டார் பழுதுபார்க்கிறவர். நாலு கம்பி ஆள். வாசிக்கத் தெரியும், ஆனால் வாசிக்கிறேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டார். அந்தமாதிரி அமுக்கமான ஆட்களைத்தான் நம்பக்கூடாது. போதாக்குறைக்கு, போன மாதம் அக்கா டிரம்முக்குத் தோல் மாற்ற அந்தக் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தாள். ஒரு தோல் மாற்ற ஒரு மணி நேரமா?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைக்குப் போய், கம்பி வாங்குகிற சாக்கில் அவர் கையைப் பார்த்தான். கடிகாரம் இருந்தது! ஆனால் இடது கையில் இருந்தது. இடது கை கழுத்தைப் பிடிக்கிற கை, அதில் இருந்தால் மரத்தில் எப்படி இடிக்கும்?

வாசிக்கும்போது மட்டும் கை மாற்றிக் கட்டுவாராக்கும் என்று முடிவு செய்தான். ஆள் அவ்வளவு கெட்டிக்காரர்.

"உங்க பாட்டு கேட்டேன்" என்றார் பழுதுபார்க்கிறவர், திருகாணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரேடியோவுல விளம்பரத்துக்கு இடையில கொஞ்சம் போட்டாங்க. பேஸ் யாரு?"

ஆறுகம்பிக்கு ரத்தம் தலைக்கேறியது. என்ன நடிப்பு! "ஏன், நான் வாசிச்ச மாதிரி இல்லையா?"

அவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். உண்மையைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பார்வை. "கோச்சுக்காதீங்க. நீங்க வாசிச்சா எனக்குச் சுரத்த எண்ணி முடியாது. இது நான் எண்ணவே இல்ல, பாட்டத்தான் கேட்டேன். யாருன்னு தெரிஞ்சா நான் கேட்டேன்னு சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியை வாங்காமலே வெளியே வந்தான். இவர் நடிக்கிறார் என்று பாதி மனது சொன்னது. நடிக்கவில்லை என்று மீதி மனது சொன்னது. நடிக்கவில்லை என்றால் வெளியூர் ஆளாக இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து வரவழைத்தார்களா? அவ்வளவு தூரம் போய்விட்டதா விஷயம்?

புதன்கிழமை அக்காவுக்குப் போன் செய்தான். சனிக்கிழமைக்கு முன்னால் ஒத்திகை எத்தனை நாள் என்று கேட்டான்.

"வெள்ளிக்கிழமை ஒரு தடவை பாத்துக்கலாம்டா."

"ஒரு தடவையா? ஆயிரம் பேர் முன்னாடி வாசிக்கிறோம்க்கா!"

"நீ பழகாத. பழகாம வா."

பழகாம வா! பதினெட்டு வருஷத்தில் ஒருத்தனிடம் இப்படி யாராவது சொல்வார்களா? வரவே வேண்டாம் என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்வதுதானே இது? போனை வைத்தபிறகு வெகுநேரம் அவன் கிட்டாரைத் தொடவில்லை. தொட்டபோது நாற்பத்தெட்டு சுரத்தையும் ஐம்பத்தாறாக்கினான். சனிக்கிழமை எவன் வந்தாலும் இதற்கு முன்னால் நிற்க முடியாது பார்.

வியாழக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து திரும்பும்போது டயர் கடை வாசலில் அக்காவின் ஸ்கூட்டரைப் பார்த்தான். பெட்டி மேல் பூப்போட்ட ஸ்டிக்கர், சந்தேகமே இல்லை. ஸ்டூடியோவின் பின்பக்கம் ஒரு சின்ன ஜன்னல் உண்டு, ஏசி ரிப்பேரானால் அதைத் திறந்து வைப்பார்கள். திறந்திருந்தது. ஆறுகம்பி அடுக்கிவைத்த பழைய டயர்களுக்கு நடுவில் போய் நின்றான். நாற்பது வயதை நெருங்குகிற மனுஷன், கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு, ஒட்டுக் கேட்டான்.

உள்ளே அந்த பேஸ் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சுரம், நிற்கிறது. அடுத்த சுரம். தனியாகக் கேட்கும்போது அது இன்னும் நன்றாக இருந்தது, அந்தக் கண்றாவி.

"தம்பிக்கிட்ட சொல்லிடலாமே" என்றார் ஹெட்போன்.

"ஐயோ, வேணாம்ண்ணே!" அக்காவின் குரல். "அவனுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா எல்லாத்தையும் கெடுத்துடுவான். எனக்குத் தெரியாதா அவன?"

"அப்ப சனிக்கிழமை?"

"மேடைக்கு வரட்டும். அங்க வச்சு நான் பாத்துக்கறேன்."

ஆறுகம்பி டயரில் கையை ஊன்றிக்கொண்டான். கையெல்லாம் கரி. ஆயிரம் பேர் முன்னால் அவனை இறக்கிவிடப்போகிறாள். கூடப் பிறந்த அக்கா. சின்ன வயதில் அவன் விழுந்தால் அவனுக்கு முன்னால் அவள் அழுவாள். அந்த அக்கா. அவன் அழவில்லை என்று சொன்னால் அது பொய்.

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்குக் கிட்டார் இல்லாமல் போனான். சலவைக்கடைக்கு மேலே இருக்கிற அறை அது, இஸ்திரி வாசம் எப்போதும் தரை வழியாக ஏறி வரும். அக்கா டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மாமா கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். வெறுங்கையோடு வந்து நின்றவனைப் பார்த்ததும் இருவருக்கும் முகம் மாறியது.

"கிட்டார் எங்க மாப்ள?"

"எதுக்கு? அதான் வேற ஆள் இருக்காரே. கடிகாரக்காரர். அவரையே வரச் சொல்லுங்க."

"யாரு கடிகாரக்காரர்?" மாமா நிஜமாகவே முழித்தார்.

"நடிக்காதீங்க மாமா! எனக்கு என்ன காது செவிடா? அந்தப் பாட்டுல நான் ஒரு சுரம்கூட வாசிக்கல. முப்பத்திரண்டு டேக் வாசிச்சேன், ஒண்ணத் தொட்டீங்களா? எவனையோ கூட்டிட்டு வந்து எனக்குத் தெரியாம வாசிக்க வச்சீங்க. இவ அவன்கூட உக்காந்து திரும்ப அடிச்சிருக்கா. நேத்து நானே கேட்டேன். தெரிஞ்சா கெடுத்துடுவானாம். கெடுக்கறவனுக்கு இங்க என்ன வேலை? நாளைக்கு அவன நிக்க வச்சுக்கோங்க. பதினெட்டு வருஷம் வாசிச்சதுக்கு நல்ல மரியாதை செஞ்சீங்க!"

அவன் குரல் உடைந்துவிட்டது. மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா குச்சிகளைப் பார்த்தாள்.

"நீ ஒட்டுக் கேட்டியா?"

"கேட்டேன். நீ செஞ்சதுக்கு இது தேவல."

அக்கா குச்சிகளைக் கீழே வைத்தாள். "அவன் நல்லா வாசிக்கிறானா?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்ல வாய் வரை வந்தது. நாலு நாளாக அந்தப் பாட்டை நூறு தடவை கேட்டவனால் சொல்ல முடியவில்லை. "வாசிக்கிறான்" என்றான். "என்னவிட நல்லா வாசிக்கிறான். அதுக்குத்தான் எரியுது. போதுமா?"

அக்கா எழுந்தாள். "வா, ஸ்டூடியோவுக்குப் போலாம். ஆள உனக்குக் காட்டிடறேன்."

மாமாவின் காரில் மூவரும் போனார்கள். ஆறுகம்பி அந்த எவனோவைப் பார்த்ததும் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தான். முதலில் கடிகாரத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். பிறகு, மாமா மூச்சு வாங்குகிற இடத்தைப் பற்றி.

ஸ்டூடியோவில் ஹெட்போனைத் தவிர ஒருவரும் இல்லை.

"எங்க அவன்?"

"அண்ணே, வெட்டாதத போடுங்க" என்றாள் அக்கா.

ஹெட்போன் அவனைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "தம்பி, நான் லெவல் பாக்கறப்பவே ரெக்கார்டு பட்டன அமுக்கிடுவேன். பழக்கம். டிரம்ஸுக்கு மேல தொங்குற மைக் ரூம்ல பேசறதையும் புடிச்சிடும். பாட்டு முடியற எடத்துல வெட்டித்தான் வெளிய குடுத்தேன். இது முழுசு."

பாட்டின் கடைசிப் பல்லவி ஓடியது. அக்காவின் கால், அந்த பேஸ், இரண்டும் ஒன்றாக விழுந்தன. கடைசிச் சுரம் நின்றது, நின்று தேய்ந்தது. வெளியில் கொடுத்த பாட்டு அந்த இடத்தில் முடிந்துவிடும். இது முடியவில்லை. நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பிறகு, அலுப்பும் அவசரமுமாக, ஆறுகம்பியின் குரல் கேட்டது.

"லெவல் செட் ஆயிடுச்சாண்ணே? போதுமா? நான் வாசிக்க ஆரம்பிக்கலாமா?"

அதற்குப் பிறகு ஒரு சத்தம். கடிகாரத்தைக் கழற்றி ஆம்ப் மேல் வைக்கிற சத்தம்.

ஹெட்போன் நிறுத்தினார். ஆறுகம்பி தன் வலது மணிக்கட்டைப் பார்த்தான். பதிவின் முதல் நாள் மத்தியானம், ஒன்பதாவது மாடியில் லிப்ட் மாட்டிக்கொண்டது என்று கம்பெனியிலிருந்து ஓயாமல் போன் வந்துகொண்டிருந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. அந்த நினைப்பிலேயே, சரி மூணு பேரும் சேந்து ஒரு தடவை முழுசா வாசிங்க என்று ஹெட்போன் சொன்னதற்காக, கையில் வந்ததை வாசித்துவிட்டு மறந்துபோனான். அது வாசிப்பு என்றே அவன் கணக்கில் இல்லை.

"ஏன் சொல்லல?" என்று மெதுவாகக் கேட்டான்.

"சொன்னா என்ன செஞ்சிருப்ப?" என்றாள் அக்கா. "இது நல்லா இருக்குன்னு நாங்க சொன்னா, அதே மாதிரி இன்னும் நல்லா வாசிக்கறேன்னு ஆரம்பிச்சு, அதுல பத்து சங்கதி போட்டிருப்ப. உன் டேக் எல்லாத்தையும் உக்காந்து கேட்டோம்டா. முப்பத்திரண்டையும். பிரமாதம்தான். ஆனா நான் எங்க மிதிக்கறதுன்னே எனக்குத் தெரியல. இதுல நான் மிதிக்கற எடத்துல நீ இருந்த."

"மேடையில பாத்துக்கறேன்னியே, என்ன பாத்துக்கறதா இருந்த?"

அக்காவுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. மாமா சொன்னார். "மைக்ல இன்னும் டெஸ்டிங்தான் போகுது, நேரடி ஆரம்பிக்கலன்னு உன்கிட்ட சொல்லச் சொன்னா மாப்ள."

ஹெட்போன் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆறுகம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு நாளாக ஒருத்தனைத் தேடித் திரிந்தான், பொறாமையில் வெந்தான், அவனிடம் கேட்க இரண்டு கேள்வி வைத்திருந்தான். இப்போது யாரிடம் கேட்பது? மூலையில் ஸ்டூடியோவின் நாலு கம்பிக் கிட்டார் ஒன்று சாய்ந்திருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். முதல் சுரத்தைத் தட்டினான். நிற்கவிட்டான். அடுத்த சுரம். மூன்றாவது சுரத்தில் சுட்டுவிரல் தானாகவே ஒரு சின்ன உருட்டு உருட்டியது. நிறுத்தினான். மறுபடி முதலிலிருந்து வாசித்தான். இம்முறை உருட்டக்கூடாது, உருட்டக்கூடாது என்று விரலையே பார்த்துக்கொண்டிருந்ததில் சுரம் பயந்து பயந்து விழுந்தது. அது வேறு யாரோ வாசித்ததுபோல இருந்தது, அந்த எவனோ வாசித்ததுபோல இல்லை.

"எப்படிக்கா வாசிச்சேன்?"

"தெரியாம வாசிச்ச."

"இப்பத்தான் தெரிஞ்சு போச்சே."

நாளைக்குச் சனிக்கிழமை. ஆறுகம்பி தன் பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான், எது காட்டிக்கொடுக்கும் என்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் இடது கை வலது மணிக்கட்டுக்குப் போய்க் கடிகாரத்தின் கொக்கியைத் தேடியது.

அக்கா எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கழட்டாத" என்றாள். "நாளைக்கும் கழட்டாத. என் காலப் பாரு, போதும்."